நாடியை வைத்துக் கேட்டது

இருபத்திரண்டு வருடம் இழுவைப்படகின் எஞ்சின் அறையில்.
மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக
சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போயின.
முதலில் நுளம்பு.
பிறகு கேத்தில் கொதிக்கிற விசில்.
பிறகு அடுத்த அறையிலிருந்து யசிந்தா கூப்பிடுவது.
இந்த மூன்றாவதை மட்டும் அவள் நம்பவில்லை.

மெயின் வீதியில் றிஸ்னியின் கடை.
சுவரில் இரண்டு கிற்றார்,
ஒரே உயரம், ஒரே மஞ்சள்.
ஒன்று நாற்பத்தையாயிரம்,
மற்றது ஒரு லட்சத்து முப்பது.
ஏன் என்றேன்.
அது ஒட்டுப்பலகை அண்ணன், இது ஒரே பலகை.
பார்த்தால் தெரியவில்லையே என்றேன்.
கைபேசியின் வெளிச்சத்தை
ஒலித்துளையின் விளிம்பில் பிடித்தான்.

ஒரே பலகையில்
மேலே ஓடிவந்த ரேகை
விளிம்பில் மடிந்து உள்ளேயும் இறங்கியது,
மேசையோரம் தொங்கும் கோடுபோட்ட விரிப்பைப் போல.
ஒட்டில் ரேகை விளிம்போடு நின்றுவிட்டது.
கீழே மூன்று அடுக்கு.
நடுவில் இருந்தது குறுக்கே படுத்திருந்தது,
மற்ற இரண்டையும் வளைய விடாமல்.

இந்த ஊருக்கே பொருந்துகிற ஓர் உவமை
கையில் வந்து விழுந்தது.
எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.
பசையிடம் கேட்காமல்
அதையெல்லாம் சொல்லக்கூடாது.

என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி
இரண்டையும் மாறி மாறி வாசித்தான்.
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
இதில மேலால ஒரு மினுக்கம் இருக்கு அண்ணன்,
சின்ன மணி மாதிரி.
இருக்கலாம் தம்பி.
அந்த மாடிக்கு ஏற என்னிடம் ஏணி இல்லை.

மலிவானதைக் காட்டினேன்.
வீட்டில் கூரைத்தகடு வேறு மாற்ற வேண்டும்.
ஒட்டு என்றால் படகிலேயே கிடக்கும்:
டீசல், உப்பு,
மகிந்தசிறி எங்கும் தொங்கவிடுகிற ஈரத் துவாய்,
எதற்கும் அசையாது.
ஒரே பலகைக்கோ
ஆடியில் கச்சான் அடித்தால் வெடிப்பு,
மார்கழி மழைக்கு ஊதிப் பருத்துத்
தந்தி மேலெழும்பும்.
பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைக்க வேண்டுமாம்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வைப்பது போல.

அவன் பில் புத்தகம் தேடுகிற நேரம்
விலை கூடியதைச் சும்மா மடியில் எடுத்தேன்.
அதன் தோளில் நாடியை வைத்து
தடித்த தந்தி ஒன்றைத் தட்டினேன்.

வந்தது.
காதை விட்டுவிட்டு
பின்கதவால் வரும் நெருங்கிய சொந்தம் போல
தாடையெலும்பால் ஏறி
கடைவாய்ப் பல்லில் உட்கார்ந்தது.
எண்ணினேன்.
பதினொன்று வரை இருந்தது.
ஒட்டை எடுத்து அதேபோல் நாடி வைத்தேன்.
ஏழு.
திரும்பவும்.
பதினொன்று. ஏழு.

நாலு எண்ணிக்கை.
எண்பத்தையாயிரம் ரூபாய்க்கு
நாலு எண்ணிக்கை.

றிஸ்னி பேனாவைத் திறந்துகொண்டு
எதை எழுத என்று கேட்டிருக்க வேண்டும்,
வாய் அசைந்தது.

கூரைத்தகடு அடுத்த வருடம் வரும்.
யசிந்தாவிடம் விலையைப் பாதிதான் சொன்னேன்.
மீதிப் பாதியை அவள்
என் சட்டைப் பையிலிருந்த பில்லில் வாசித்தாள்.
மூன்று நாள் பேச்சில்லை.
எனக்குக் கேட்காத ஆளோடு
பேசாமலிருப்பது லேசில்லை,
முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும்.

நாலாம் இரவு
மா ஆலைத் துறைக்குக் கோதுமைக் கப்பல்.
அதைத் தள்ளி அணைத்துக் கட்டிவிட்டு
விடியப்புறம் வீட்டுக்கு வந்தேன்.
யன்னலில் வெளிச்சம்.
உள்ளே அவள், இரவுச் சட்டையோடு,
கட்டிலில் கிற்றாரை எதிர்ப்பக்கமாய்ப் பிடித்து
நாடியை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.
ஒரு விரல் தந்தியில்.
மற்றக் கை விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன,
விரிந்தன, மறுபடி மடிந்தன.

கதவைத் திறந்ததும் வெட்கப்படவில்லை.
பதின்மூன்று, என்றாள்
என் முகத்துக்கு நேரே, தெளிவாக.

நான் சண்டைக்குப் போகவில்லை.
அந்த இரண்டும்
அவளிடமே இருக்கட்டும்.